இரண்டு புள்ளிக்கு எதற்கு ஒரு மந்திரம்?

பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றியது. பத்தாம் வகுப்புக் கணக்கில் ஆயத்தொலை வடிவியல் பாடத்தை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடலாமாம். நான்கு கட்டம், நான்கு சூத்திரம். மூன்றாவது கட்டத்தில் இரு புள்ளி வடிவம். ஒய் மைனஸ் ஒய் ஒன் பை ஒய் டூ மைனஸ் ஒய் ஒன், ஈக்வல் டு, எக்ஸ் மைனஸ் எக்ஸ் ஒன் பை எக்ஸ் டூ மைனஸ் எக்ஸ் ஒன். புரியாவிட்டாலும் பரவாயில்லை, மனப்பாடம் செய்தால் மதிப்பெண் உறுதி என்று கீழே சிவப்பு எழுத்தில் வேறு. பதினேழு பேர் கைதட்டல் போட்டிருந்தீர்கள். நான் போடவில்லை. "ஏன் பெரியம்மா?" என்று கேட்ட என் தங்கை மகனுக்கு அங்கே இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான். இரண்டு புள்ளிகள் வழியாகப் போகும் நேர்க்கோட்டின் சமன்பாட்டைக் கண்டுபிடிக்க எந்தச் சூத்திரத்தையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தேவையில்லை என்பது மட்டுமல்ல, அந்த மனப்பாடத்தால் கெடுதல் உண்டு. பிள்ளை கேட்க வேண்டிய முதல் கேள்வியையே அது அடைத்துவிடுகிறது. "இது நேராகத்தான் போகிறதா?" என்பது அந்தக் கேள்வி.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பள்ளிக்கூடங்களில் சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள் அல்லவா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். விதிப்படி 12 அடி முன்னே போனால் 1 அடிக்கு மேல் ஏறக் கூடாது. அடியில் அளந்தாலும், நடுவில் அளந்தாலும், உச்சியில் அளந்தாலும் அந்தக் கணக்கு ஒன்றுதான். 12 போனால் 1 ஏறும். 6 போனால் அரை. 3 போனால் கால். எங்கே அளந்தாலும் ஏற்றம் ஒரே மாதிரி இருப்பதுதான் "நேர்" என்ற சொல்லுக்கு அர்த்தம். கொத்தனார் ஓரிடத்தில் கை தவறிப் பூசியிருந்தால் அந்த இடத்தில் கணக்கு மாறும். இந்த ஏற்றத்துக்குத்தான் புத்தகம் சாய்வு என்று பெயர் வைத்திருக்கிறது.

இப்போது (-1, 2), (3, 5) என்று இரண்டு புள்ளிகள். எக்ஸ் -1-லிருந்து 3-க்குப் போனது, 4 நகர்ந்தது. ஒய் 2-லிருந்து 5-க்குப் போனது, 3 ஏறியது. நாலுக்கு மூன்று, ஆகவே ஒன்றுக்கு முக்கால். அந்தக் கோட்டில் வேறு எந்தப் புள்ளியை எடுத்தாலும், முதல் புள்ளியிலிருந்து எவ்வளவு நகர்ந்ததோ அதில் முக்கால் பங்கு ஏறியிருக்க வேண்டும். நகர்ந்தது எக்ஸ் + 1. ஏறியது ஒய் - 2. எனவே ஒய் - 2 = ¾ (எக்ஸ் + 1). நான்கால் பெருக்கி ஒழுங்குபடுத்தினால் 3எக்ஸ் - 4ஒய் + 11 = 0. முடிந்தது. சரியா என்று பார்க்க இரண்டாவது புள்ளியைப் போடுங்கள்: 9 - 20 + 11 = 0. சரி. இதற்குப் பத்து விநாடி ஆகும். மந்திரம் ஓதும் பிள்ளை இந்தப் பத்து விநாடியைச் செலவழித்து நான் பார்த்ததில்லை. தான் கண்டுபிடித்தது என்ன என்று தெரிந்தால்தானே சரிபார்க்கத் தோன்றும்?

"அந்தச் சூத்திரமும் இதைத்தானே சொல்கிறது?" என்று கேட்பீர்கள். ஆமாம், அதேதான். இடது பக்கத்தை வாக்கியமாகப் படியுங்கள்: மொத்த ஏற்றத்தில் எத்தனை பங்கு ஏறியாயிற்று? வலது பக்கம்: மொத்த நகர்வில் எத்தனை பங்கு நகர்ந்தாயிற்று? இரண்டும் சமம். பாதி வழி போனால் பாதி உயரம், கால் வழி போனால் கால் உயரம். 499-ல் எழுதப்பட்டதாகச் சொல்லும் ஆரியபடீயத்தில் மூன்று எண் தெரிந்தால் நான்காவதைக் கண்டுபிடிக்கும் திரைராசிகம் என்ற விதி இருக்கிறது. அந்த விதியேதான் இங்கே கோடு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. சூத்திரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை வாக்கியமாகப் படிக்கவிடாமல் வெறும் ஒலியாக ஓதவைப்பதன் மேல்தான் கோபம்.

ஓதுவதால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால், படம் அனுப்பிய வீட்டுப் பிள்ளையிடம் (3, 2), (3, 7) என்ற இரண்டு புள்ளிகளைக் கொடுத்துப் பாருங்கள். வலது பக்கம் கீழே 3 - 3 வரும், அதாவது பூஜ்யம். பிள்ளை திகைத்து நிற்கும், அல்லது கணக்கு தப்பு என்று சொல்லும். கணக்கில் தப்பே இல்லை. எக்ஸ் நகரவே இல்லை, ஒய் மட்டும் ஏறுகிறது, செங்குத்தாக நிற்கும் கோடு. எக்ஸ் = 3, அவ்வளவுதான் விடை. வரைபடத் தாளில் இரண்டு புள்ளி வைத்துப் பார்த்தால் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

இதை நான் சொன்னதும் உறவுமுறையில் ஒருவர் கேட்டார், "நீங்க இடைநிலை ஆசிரியை, எட்டாவது வரைக்கும்தானே எடுத்தீங்க? பத்தாவது கணக்கில் உங்களுக்கு என்ன வேலை?" நியாயமான கேள்விதான். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள், கணிதப் பட்டதாரி அல்ல. இருந்தும் நான் இதைப் பேச வேண்டியிருப்பதற்குக் காரணம், பத்தாம் வகுப்பில் வரும் இந்தக் காய்ச்சலுக்குக் கொசு ஏழாம் வகுப்பிலேயே கடித்துவிடுகிறது. ஏழில் நேர் விகிதம் வருகிறது. 3 பேனா 30 ரூபாய் என்றால் 7 பேனா எவ்வளவு? ஒன்று பத்து ரூபாய் என்று வாயால் சொல்லிவிடும் பிள்ளையை, "அப்படிச் செய்யக் கூடாது, குறுக்கே பெருக்கு" என்று நிறுத்துகிறோம். அங்கேயே "ஒன்றுக்கு எவ்வளவு" என்ற எண்ணம் செத்துவிடுகிறது. எட்டில் வரைபடத் தாளைக் கையில் கொடுக்கிறோம், புள்ளி வைக்கச் சொல்கிறோம், ஸ்கேல் வைத்து இழுக்கச் சொல்கிறோம். ஏன் அந்தப் புள்ளிகள் ஒரே கோட்டில் விழுந்தன என்று கேட்பதில்லை. பத்தாம் வகுப்பு ஆசிரியரிடம் அந்தப் பிள்ளை போய்ச் சேரும்போது, பாவம், அவருக்கு மந்திரத்தைத் தவிர வேறு வழியில்லை.

என்சிஇஆர்டி பாடத்திட்டத்தில் இந்த இரு புள்ளி வடிவம் பதினொன்றாம் வகுப்பில்தான் வருகிறது. நம் மாநிலப் பாடத்திட்டத்துப் பிள்ளைகள் பத்திலேயே படித்துவிடுகிறார்கள் என்று பெருமைப்படுகிறோம். ஒரு வருடம் முன்னதாகப் புரிந்துகொண்டால் பெருமைப்படலாம். ஒரு வருடம் முன்னதாக மனப்பாடம் செய்வதில் என்ன பெருமை?

பாடப்புத்தகத்தைக் குறை சொல்லவும் எனக்கு முழு மனம் இல்லை. செல்சியஸ், ஃபாரன்ஹீட் கோட்டை அதில் கொடுத்திருக்கிறார்கள், நல்ல கணக்கு. 0-க்கு 32, 100-க்கு 212. நூறுக்கு 180 ஏறுகிறது, ஒன்றுக்கு 1.8. உடம்பு 37 டிகிரி என்றால் 66.6-ஐயும் 32-ஐயும் கூட்டி 98.6. காய்ச்சல் வந்த வீட்டில் எல்லாம் இந்தக் கோடு இருக்கிறது. ஆனால் அதே பாடத்தில் (-6, -4)-ல் ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது, (5, 11)-ல் பால் இருக்கிறது, பூனை போகும் பாதையின் சமன்பாடு என்ன என்கிறார்கள். விடை 15எக்ஸ் - 11ஒய் + 46 = 0. பூனைக்குப் பால் வேண்டும், சமன்பாடு எதற்கு? இரண்டு கட்டடங்களின் உச்சியை இணைக்கும் கம்பிக்கும் ஒரு சமன்பாடு கேட்கிறார்கள். கம்பி நேரானது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் கேள்வி கேட்க என்ன மிச்சம் இருக்கிறது? எண்ணைப் போடு, மந்திரத்தை ஓது, அடுத்த கணக்கு.

இதற்கு நேர்மாறாக ஆட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். (இந்தக் கட்டணத்துக்கு ஆட்டோ கிடைத்ததா என்று கமெண்டில் சண்டை வேண்டாம், இது கணக்குப் பதிவு.) ஒருவர் 3.8 கிலோமீட்டருக்கு 49 ரூபாய் கொடுத்தார், இன்னொருவர் 5.8 கிலோமீட்டருக்கு 73 ரூபாய். 2 கிலோமீட்டருக்கு 24 ரூபாய் ஏறுகிறது, ஒன்றுக்கு 12. கட்டணம் = 12 × கிலோமீட்டர் + 3.40. சரி, 1 கிலோமீட்டருக்கு எவ்வளவு? மந்திரப் பிள்ளை 15 ரூபாய் 40 காசு என்று எழுதும், ஐந்துக்கு ஐந்தும் வாங்கும். ஆட்டோக்காரர் 25 ரூபாய் கேட்பார், அவர்தான் சரி. கோடு 1.8-ல்தான் தொடங்குகிறது, அதற்கு முன்னால் அது படுத்துக்கிடக்கிறது. கரண்ட் பில்லும் இப்படித்தான். முதல் 100 யூனிட் இலவசம், அப்புறம் படிப்படியாக விலை ஏறுகிறது, 500-ஐத் தாண்டினால் கணக்கே வேறு. இரண்டு பில்லை வைத்துக் கோடு இழுத்து மூன்றாவது பில்லைச் சொன்னால் மே மாதம் ஏமாந்து போவீர்கள்.

என் மாணவன் ஒருவன். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான். ஏழாம் வகுப்பில் கணக்கு என்றாலே வயிற்றுவலி வரும். ஐடிஐ முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறான். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குழாயில் அழுத்தத்தை அளக்கும் கருவி அதை மின்னோட்டமாக அனுப்புமாம். அழுத்தம் பூஜ்யம் என்றால் 4 மில்லி ஆம்பியர், முழு அழுத்தம் என்றால் 20. பூஜ்யத்துக்கு ஏன் பூஜ்யமே வைக்கவில்லை என்றால், ஒயர் அறுந்துபோனாலும் பூஜ்யம் வரும், எது எது என்று தெரியாது. முழு அழுத்தம் 10 பார் உள்ள கருவியில் 8 மில்லி ஆம்பியர் வந்தால் எவ்வளவு என்று கேட்டேன். காகிதம் எடுக்கவில்லை. "ரெண்டரை பார் டீச்சர்" என்றான். 16-க்கு 10, 4-க்கு இரண்டரை. கருவி தப்பாகக் காட்டினால் ஜீரோவையும் ஸ்பேனையும் சரிசெய்வார்களாம். ஜீரோவை மாற்றினால் கோடு அப்படியே மேலே கீழே நகரும், ஸ்பேனை மாற்றினால் சாய்வு மாறும். நம் புத்தகத்தில் வெட்டுத்துண்டும் சாய்வும் என்று வருகிறதே, அந்த இரண்டும்தான்.

அதற்கு மேல் அவன் சொன்னதுதான் எனக்கு முக்கியம். "ரெண்டு முனையும் சரியா இருந்தா மட்டும் விட மாட்டோம் டீச்சர். 25, 50, 75 சதவீதத்துலயும் வச்சுப் பார்ப்போம். நடுவுல வளைஞ்சிருக்கும்." இரண்டு புள்ளிகள் கொடுத்தால் எந்தப் பொருளுக்கும் ஒரு நேர்க்கோடு கிடைத்துவிடும். பொருள் உண்மையில் நேராகப் போகிறதா என்று மூன்றாவது புள்ளிதான் சொல்லும். சதமடித்த பிள்ளைகள் பலருக்குத் தெரியாத இது, கணக்கில் திக்கித் திணறிய அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வேலை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது. நாம் கற்றுக்கொடுக்கவில்லை.

இது வெறும் பரீட்சை விஷயம் அல்ல. நாம் குடியிருப்பது ஏரிகளுக்கு நடுவில். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறந்துவிட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்றிலிருந்து மழைக்காலம் வந்தால் நம் குழுக்களில் எல்லாம் ஏரி நீர்மட்டம்தான். முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி.

உதாரணத்துக்கு, மாலை 6 மணிக்கு 21 அடி, இரவு 10 மணிக்கு 22 அடி என்று வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரத்தில் 1 அடி. மணிக்குக் கால் அடி. இன்னும் 2 அடி ஏற எட்டு மணி நேரம். காலை 6 மணிக்குத்தான் நிரம்பும், நிம்மதியாகத் தூங்குங்கள் என்று யாராவது ஒரு செய்தி போடுவார். கணக்கு சரி. மந்திரத்தின்படி முழு மதிப்பெண். ஆனால் அந்தக் கோடு என்னென்ன நம்பிக்கையின் மேல் நிற்கிறது என்று பாருங்கள். மழை அதே வேகத்தில் பெய்யும் என்று நம்புகிறது. மேலே உள்ள ஏரிகள் உடைந்தோ நிரம்பியோ இங்கே கூடுதலாக வராது என்று நம்புகிறது. மதகைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டார்கள் என்று நம்புகிறது. ஏரியின் கரை குளியலறைத் தொட்டி போல நேர்ச்சுவர் என்று நம்புகிறது. ஏரி அப்படி இல்லை. கீழே குறுகல், மேலே போகப் போக அகலம். 12 அடியில் ஏரி பாதி நிரம்பியிருக்கிறது என்று நினைக்கிறவர்கள் ஏமாறுவார்கள், தண்ணீர் பாதிக்கும் குறைவாகத்தான் இருக்கும். மேல் அடிகளுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும், அதனால் ஏற்றம் மெதுவாகலாம். நடு ராத்திரியில் மழை வலுத்தால் ஏற்றம் வேகமாகலாம். எது எதை வெல்லும் என்று கோட்டுக்குத் தெரியாது. 11 மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். 22¼ இருந்தால் கோடு இன்னும் உயிரோடு இருக்கிறது. 22½ இருந்தால் அந்தக் கோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, மாடிக்கு எடுத்துப்போக வேண்டியதை எடுத்துப்போக வேண்டும். எங்கள் கோவில்பதாகை ஏரிக்கு டிவியில் எண் வராது, நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். அதுவும் மூன்றாவது புள்ளிதான்.

அரசாங்கக் கணக்கிலேயே இன்னொன்று. தமிழ்நாட்டு மக்கள்தொகை 1991-ல் 5 கோடியே 59 லட்சம். 2001-ல் 6 கோடியே 24 லட்சம். இரண்டு புள்ளிகள். பத்து வருடத்துக்கு 65 லட்சம் என்று கோட்டை நீட்டினால் 2011-ல் 6 கோடியே 89 லட்சம் வர வேண்டும். வந்தது 7 கோடியே 21 லட்சம். 32 லட்சம் பேர் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த வருடம் நடக்கவேயில்லை. அதனால் வந்த வருடங்களில் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அது பழைய புள்ளிகளிலிருந்து ஏதோ ஒரு கோட்டை நீட்டிச் சொன்னதுதான். நம் ஆவடி 2019-ல் மாநகராட்சியானது. வயல் எல்லாம் மனையாகி, மனை எல்லாம் அடுக்குமாடி ஆனதைக் கண்ணால் பார்த்தவர்கள் நீங்கள். அது நேர்க்கோட்டில் நடந்ததா?

இனி எதிர்க்கட்சி. "பெரியம்மா, பரீட்சைக்கு மூணு மணி நேரம்தான். 14 ஒரு மார்க், 10 ரெண்டு மார்க், 10 அஞ்சு மார்க், 2 எட்டு மார்க். இதுக்கு நடுவுல யோசிக்க ஏது நேரம்?" என்றான் தங்கை மகன். தம்பி, மேலே நான் போட்ட வழியையும் உன் சூத்திர வழியையும் எழுதி வரிகளை எண்ணிப் பார். என் வழி நீளம் இல்லை. உன் வழியில் நான்கு எண்ணை நான்கு இடத்தில் சரியாகப் போட வேண்டும், மைனஸுக்குள் மைனஸ் வரும், ஒய் டூவையும் எக்ஸ் ஒன்னையும் மாற்றிப் போட்டாலும் விடை என்று ஏதோ ஒன்று வந்து நிற்கும். பரீட்சை அறையில் மந்திரம் மறந்தால் கையில் ஒன்றும் இல்லை. சாய்தளத்தை ஏறிப் பார்த்த பிள்ளைக்கு மறக்க என்ன இருக்கிறது?

இதைவிட எனக்கு வலிப்பது இன்னொரு வாதம். "முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைகள், அவர்களுக்குப் புரியாது, பாஸாகட்டும், சூத்திரத்தைக் கொடுத்துவிடுவோம்." இரக்கம் மாதிரி இருக்கும். இரக்கம் இல்லை இது. சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவோடு தளம் போடும் இடத்தில் நின்று, தண்ணீர் வழிய எவ்வளவு வாட்டம் வைக்க வேண்டும் என்று பார்த்த பிள்ளை அது. வாட்டம் என்றால் சாய்வுதான். அந்தப் பிள்ளைக்குப் புரியாது என்று முடிவு கட்ட நாம் யார்? அதற்குத் தெரிந்ததை வைத்துத் தொடங்க நமக்குச் சோம்பல், அவ்வளவுதான்.

மதிப்பெண் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த ஒரு பெண் பிள்ளை மாதிரித் தேர்வில் இந்தக் கணக்கைச் சாய்வு வழியாக அழகாகப் போட்டு, இரண்டாவது புள்ளியைப் பிரதியிட்டுச் சரிபார்த்தும் இருந்தாள். ஐந்துக்கு இரண்டு. ஓரத்தில் சிவப்பு மையில் "சூத்திரம்?" என்று ஒரு கேள்விக்குறி. பள்ளிப் பெயர் வேண்டாம், ஆசிரியர் பெயரும் வேண்டாம். அடுத்த தேர்வில் அவள் மந்திரத்தை எழுதினாள், ஐந்துக்கு ஐந்து. சரிபார்க்கவில்லை. ஏன்மா என்றால், "அதுக்கு மார்க் இல்லையே பாட்டி" என்கிறாள். மூன்று மதிப்பெண்ணைக் குறைத்து ஒரு நல்ல பழக்கத்தை அழித்துவிட்டார்கள்.

என்னிடம் படித்து இன்று கணக்கு ஆசிரியராக இருக்கிறவர்கள் ஒன்பது பேராவது இதைப் படிப்பீர்கள். உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். வழி சரியாகவும் விடை சரியாகவும் இருந்தால், சூத்திரம் எழுதாவிட்டாலும் முழு மதிப்பெண் கொடுங்கள். இந்தப் பாடத்தைத் தொடங்கும் அன்று கரும்பலகையைத் தொடாமல், பிள்ளைகளை ஒரு ஸ்கேலோடு சாய்தளத்துக்குக் கூட்டிப் போங்கள். ஒரு பீரியட் போகும். போகட்டும்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம்: (2, 5), (7, 5). இந்த இரண்டு புள்ளிகள் வழியாகப் போகும் கோட்டின் சமன்பாடு என்ன? முதலில் அந்தப் படத்தில் உள்ள சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், பிறகு வரைந்து பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் உட்காரவைத்துச் செய்யுங்கள். விடையை ஞாயிற்றுக்கிழமைக்குள் கமெண்டில் போட வேண்டும். வரைபடத்தைப் போட்டோ எடுத்துப் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் நான் லைக் போடுவேன்.